ஏழேகால் பஸ்

"பின்சீட்ல உட்கார்ந்திருக்காரே, அவர் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியா வீசிட்டா நம்ம ஊர் பிழைச்சுக்கும், தங்கச்சி!"

கண்ணாடியில் பின்னால் பார்த்தபடியே டிரைவர் முணுமுணுத்தார்.

"சும்மா இருங்கண்ணே, காதுல விழுந்து தொலைக்கப் போகுது" என்றாள் கண்டக்டர்.

பின்சீட்டில் இருந்தவர் போக்குவரத்துத் துறையின் கணக்கெடுப்பு அலுவலகத்து ஆள். அரசாங்கத்திடம் காசில்லையாம், ஆள் ஏறாத பஸ்களை நிறுத்தப் போகிறார்களாம். மூன்று நாள் எண்ணிப் பார்ப்பார். தினசரி வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள்கூட இருபத்தைந்துக்குக் குறையக் கூடாது. முந்தாநாளும் நேற்றும் சரியாக இருபத்தைந்து. இன்று கடைசி நாள்.

இரண்டு வருஷம் முன்னால் நூற்பாலை மூடியபோது, இந்த ஊர் அவ்வளவுதான் என்று எல்லோரும் கையை விரித்தார்கள். ஊரா கேட்கும்? பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரி, பிஸ்கட் கம்பெனி, குளிர்பதனக் கிடங்கு என்று வேலை தேடி, இந்த ஏழேகால் பஸ்ஸில் தொற்றிக்கொண்டது. அங்கே வாங்குகிற சம்பளத்தில்தான் இங்கே மளிகைக் கடையும் தையல் கடையும் ஓடுகின்றன. கண்டக்டரின் புருஷனும் ஆலையோடு வேலை போனவன்தான். பஸ் நின்றால் அவள் வீட்டு அடுப்பும் அணைந்துவிடும்.

அவள் தலைகளை எண்ணினாள். இருபத்து நான்கு. மறுபடி எண்ணினாள். பாழாய்ப்போன இருபத்து நான்குதான்.

ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவைக் காணோம். போன் போட்டாள்.

"காய்ச்சல்மா. தலையைத் தூக்க முடியல."

"ஐயோ அக்கா, இன்னிக்குன்னு பார்த்தா!"

"வேணும்னா வரட்டுமா? ஆட்டோ எதுவும் கிடைச்சா..."

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு மனசு வரவில்லை. "வேணாம், படுங்க" என்று வைத்துவிட்டாள்.

"இங்க வாங்கம்மா" என்று கூப்பிட்டார் அந்த ஆள். "கிடங்கு வாசல்ல எத்தனை மணிக்கு நிறுத்துவீங்க?"

"ஏழு அம்பது, சார்."

"எட்டு மணி ஷிஃப்டுக்குத் தவறாம போய்ச் சேர்ந்துடலாமா?"

"தினம் சேர்ந்துகிட்டுதானே இருக்காங்க."

"சாயங்காலம் திரும்பறப்போ உட்கார இடம் கிடைக்குமா?"

கிடைக்கும் என்றால் பஸ் காலி என்று எழுதுவார். கிடைக்காது என்றால் வசதி போதாது என்று எழுதுவார். கிராதகன், எப்படியெல்லாம் கொக்கி போடுகிறான்!

"சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது" என்று மழுப்பினாள்.

பாலத்துக்கு முந்தைய கடைசி நிறுத்தம் வந்தது. அங்கே ஊர்த் தையல் கடைக்காரர் ஏறினார். கண்டக்டரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, நேராகப் பின்சீட்டுக்கே போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"எங்க வேலை?" என்றார் எண்ண வந்தவர்.

"கிடங்குல சார். பத்து வருஷமா."

"கிடங்கு திறந்தே ஒன்றரை வருஷம்தான் ஆகுது."

"அதைத்தான் சொல்றேன், அந்த ஒன்றரை வருஷமா."

"எந்த ஷிஃப்ட்?"

"காலையில போயிட்டு, பத்து மணிக்கு வந்து கடையைத் திறந்துடுவேன்."

பஸ்ஸே தலையில் அடித்துக்கொண்டது.

"கழுத்துல டேப் தொங்குதே, அங்க மூட்டைக்கெல்லாம் சட்டை தைக்கிறீங்களா?" என்று கேட்டார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். தையல்காரர் டேப்பை உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

"மாமா, நல்லா காப்பாத்தினீங்க போங்க!" என்று கத்தினாள் கண்டக்டர். விசில் ஊதாமலே நின்றாள்.

"அண்ணே, ரெண்டு நிமிஷம் நில்லுங்க. யாராவது ஓடி வருவாங்க."

யாரும் ஓடி வரவில்லை. எட்டு மணி ஷிஃப்ட்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"வண்டியை எடுக்கச் சொல்லுங்கம்மா. இவங்களுக்கெல்லாம் லேட்டாகுது" என்றார் அவர்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய் அவர் எதிரே நின்றாள்.

"இன்னிக்கு மட்டும் ஏன் சார் இவ்வளவு அக்கறை? நாளைக்கு இவங்க நடந்தா போவாங்க? ஒரே ஒரு ஆள் குறையுது. அதுவும் காய்ச்சல்ல கிடக்கிறாங்க. அதுக்கு ஊர் தலையிலயே கல்லைத் தூக்கிப் போடுவீங்களா?"

"ஏறினவங்கதான் கணக்கும்மா. விதி நான் போட்டதில்லை."

"போட்டவங்களுக்கு கார் இருக்கு சார்!"

டிரைவர் வண்டியை எடுத்தார். பஸ் பாலத்தின் மேல் ஏறியது. எண்ண வந்தவர் படிவத்தில் எதையோ எழுதி, அவளிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். இருபத்தைந்து என்று எழுதியிருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கலாம். பாழும் மனசு கேட்கவில்லை.

"சார், இருபத்து நாலு பேர்தான் இருக்காங்க. எங்களுக்காகப் பொய் எழுதி உங்க வேலைக்கு உலை வெச்சுக்காதீங்க."

"எனக்கு ஏதும்மா வேலை? செலவைக் குறைக்கிறோம்னு எங்க ஆபீஸையே மூடிட்டாங்க, இந்தத் தாளைக் கொடுத்தா என் கணக்கும் முடிஞ்சுது" என்றார் அவர். "குடும்பத்தோட உங்க ஊர்ல மாமியார் வீட்டுக்கே வந்தாச்சு. நான் எழுதினது பொய் இல்லை; இதோ, இப்ப எட்டு மணி ஷிஃப்டுல கிடங்குல மூட்டை தூக்கச் சேரப் போறேன், இருபத்தஞ்சாவது ஆள் நான்தான்!"