முதல் சிரிப்பு

மேடையில் குடை செத்துக்கொண்டிருந்தது. அதன் கடைசி மூச்சுக்கு ஒரே ஒரு தட்டுத் தட்டுவதற்காக டிரம்ஸ்காரர் குச்சியைத் தலைக்கு மேல் தூக்கினார். அந்தத் தட்டு விழுவதற்குள் முதல் வரிசை ஓரத்திலிருந்து கணீரென்று ஒரு சிரிப்பு வந்தது.

பக்கத் திரைக்குப் பின்னால் நின்றிருந்த நாடகக்காரருக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிரித்தது அவருடைய மனைவி.

கதையும் அவரே, பாட்டும் அவரே, மெட்டும் அவரே. பேசும் பூசணிக்காய், காதலில் விழுந்த கடிகாரம் என்று எதையாவது மேடையேற்றி ஊர் அரங்குகளை வருஷக்கணக்காகச் சிரிக்க வைத்தவர். 'இவருக்குக் கிச்சுக்கிச்சு மூட்டத்தான் வரும்' என்ற பேரை மாற்ற வேண்டும் என்றுதான் இந்த முறை ஒரு கிழட்டுக் குடையைச் சாகடித்து, அதற்கு ஒரு சோகப் பாட்டும் போட்டிருந்தார். பெரிய அரங்கின் மேனேஜரம்மா அதைப் பார்க்கவென்றே மத்தியான ஆட்டத்துக்கு வந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் அடுத்த மாதம் அந்த மேடை.

வழக்கமான டிரம்ஸ்காரர் மணிக்கட்டு சுளுக்கி வீட்டில் கிடந்தார். அவருக்குப் பதில் வந்த புது ஆளை நினைத்துத்தான் நாடகக்காரர் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தார். புது ஆள் பிசகவில்லை. வீட்டு ஆள் கவிழ்த்துவிட்டாள்.

இத்தனைக்கும் அவர் வெற்றியில் பாதி அந்தச் சிரிப்புதான். எல்லா ஆட்டத்திலும் முதலில் சிரிப்பது அவள். அவள் ஆரம்பித்தால் கூட்டம் பிடித்துக்கொள்ளும். டிரம்ஸுக்கு நேர் எதிரே, வேறு யாரும் உட்காரத் துணியாத நாற்காலிதான் அவள் இடம். "அங்க உக்காந்தா காது கிழிஞ்சிடுமே" என்று நடிகர்கள் கேட்டால், "எனக்கு ஒண்ணும் செய்யாது" என்பாள்.

இன்றும் கூட்டம் பிடித்துக்கொண்டது. பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள், அப்புறம் பத்துப் பேர். மேடையில் கண்ணீரோடு பாடிக்கொண்டிருந்த குடை ரிப்பேர்க்காரருக்கே உதடு துடித்தது. மேனேஜரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நாடகக்காரர் வாசலுக்கு ஓடினார். "மேடம், அது சிரிக்கிற இடம் இல்ல. அந்தக் குடை வந்து..."

"உங்க வீட்டம்மாவே சிரிக்கிறாங்களே சார்" என்றார் அவர், கோபமே இல்லாமல். "சொல்லி அனுப்பறேன்."

சொல்லி அனுப்புகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று நாடகம் போடுகிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டார், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

"கட்டினவளே மானத்தை வாங்கினா வெளியாளைச் சொல்லி என்ன பிரயோஜனம்? குடை சாகுது, உனக்குச் சிரிப்பா வருது? என் பாட்டு அவ்ளோ மட்டமா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"போதும். இனிமே என் நாடகத்துக்கு நீ வரவே வேண்டாம்."

சிக்னலில் வண்டி நின்றபோது, "மழை வரும் போலிருக்கு. மாடியில துணி காயுது" என்றாள்.

அவருக்கு நெஞ்சு கொதித்தது. கொதிப்புக்கு அடியில் வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே இருக்கிறவளே மதிக்காத பாட்டை ஊர் எதற்கு மதிக்க வேண்டும்?

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் மாடிக்கு ஓடித் துணியை அள்ளிக்கொண்டு வந்தாள். அப்போது போன் அடித்தது. வழக்கமான டிரம்ஸ்காரர்.

"ஆட்டம் எப்படிண்ணே போச்சு?"

"போயே போச்சு. குடை சாகும்போது உங்க அண்ணி சிரிச்சுத் தொலைச்சா."

"ஐயையோ, தப்பு என்மேலதாண்ணே. ஜோக் முடியறப்ப மட்டும்தான் குச்சியை மேல தூக்கணும்னு புது ஆளுகிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"அதுக்கும் இவ சிரிப்புக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"அண்ணி என் குச்சியைப் பார்த்துத்தானேண்ணே சிரிப்பாங்க. காது கேக்காதவங்க வேற எதைப் பார்த்துச் சிரிக்க முடியும்?"

நாடகக்காரர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா எங்களுக்குள்ள இதானே ஏற்பாடு. ஒரே வீட்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

அவர் போனை வைத்தார். புது மெட்டு எதுவானாலும் அவளைத்தான் முதலில் கூப்பிட்டு உட்கார வைத்து கீபோர்டில் வாசித்துக் காட்டுவார். அவள் அவருடைய விரல்களையே பார்த்துத் தலையாட்டுவாள். ரசிக்கிறாள் என்று நினைத்திருந்தார். ஒரு நாளாவது ஏதாவது கேட்டுவிட்டு அவள் பதிலுக்காகக் காத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் அந்த வீட்டில் கேள்வியும் அவரே, பதிலும் அவரே.

உள்ளே அவள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று கூப்பிட்டார். இன்னொரு தடவை, உரக்கக் கூப்பிட்டார். அவள் அவருடைய சட்டைக் காலரை நிதானமாக நீவிவிட்டாள்.

சுற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்றார். அவள் நிமிர்ந்தாள். பார்வை அவர் உதட்டில் வந்து நின்றது. உதடு அசையவில்லை என்றதும் கண்ணுக்குப் போனது. ஈரத்தைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"ஏங்க, நான் சரியான இடத்துலதானே சிரிச்சேன்?"