பச்சை போட்ட மெஷின்

சாக்கடைக் குழியில் விஷவாயு ஏறினால் மேஸ்திரிகளுக்குச் செய்தி அனுப்புவதுதான் அந்த விர்ச்சுவல் மெஷினின் வேலை. புது டேட்டா சென்டருக்கு மாற்றிய மூன்றாம் நாள், அதிலிருந்து ஒன்றுமே வெளியே போகவில்லை என்று கண்டேன். செய்தி வெளியே போகும் வாசலான கேட்வேயின் இடத்தில் பழைய கட்டிடத்தின் எண்ணே இருந்தது. இங்கே இல்லாத வாசலை அது நொடிக்கொரு தரம் தேடிக்கொண்டிருந்தது.

"மாத்தினப்புறம் பிங் பண்ணி, பதில் வருதான்னு பாத்தீங்களா சார்?"

"பாத்தேனேம்மா. பக்கத்து மெஷின்லருந்து அடிச்சேன், பதில் வந்துச்சு. செக் ஷீட்ல சரின்னு பச்சை போட்டுட்டேன்" என்றார் மேலாளர் தணிகாசலம், வடை எண்ணெயை விரலிலிருந்து நக்கியபடி.

பக்கத்து மெஷினோடு பேச கேட்வே எதற்கு? இவருக்குப் பதினெட்டு வருட சர்வீஸ்.

எண்ணை மாற்றினேன். மூன்று நாளாகத் தேங்கிக் கிடந்த நாற்பத்தொரு செய்திகளும் ஒரே மூச்சில் வெளியேறின. எல்லாவற்றிலும் குழி எண்ணுக்குப் பின் ஒரே வரி: 'வாயு அதிகம், இறங்க வேண்டாம்.'

"பாத்தியா, போகுது!" அதே விரலால் என் திரையைத் தொட்டுக் காட்டினார். எண்ணெய் ஒட்டிக்கொண்டது.

அலுவலகத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"மேஸ்திரி பேசுறேங்க. பதினாலாம் குழியில இறங்க வேண்டாம்னு இப்ப மெசேஜ் வருது" என்றது குரல். "நாங்க சுடுகாட்டுல நிக்கிறோம்."