இரண்டாவது சீல்

எங்காத்துக்காரர் ஆராவமுதன் எந்தப் புஸ்தகம் வாங்கினாலும் ஊதா மையில தன் பேர் சீலை ரெண்டு இடத்துல குத்துவார். ஒண்ணு முதல் பக்கத்துல. இன்னொண்ணு உள்ளே எங்கேயாவது, திருடு போனா அடையாளம் காட்ட. தொண்ணூத்தி மூணுல அவர் போனப்போ அந்த சீல் கட்டையையும் அவரோடயே எரிச்சாச்சு.

காரியமெல்லாம் முடிஞ்ச கையோட, லஸ்ல பழைய புஸ்தகக் கடை வெச்சிருக்கிற தனபாலன் வந்தான். "எல்லாம் செல்லரிச்சுப் போச்சு மாமி, எடைக்குத்தான் போகும்"னு சொல்லி மூட்டை கட்டிண்டு போனான். கொஞ்ச நாள் கழிச்சு கோயிலுக்குப் போற வழியில பார்த்தேன். அத்தனையும் அவன் கடைக் கண்ணாடி அலமாரியில பளபளன்னு இருந்தது. அவன் பிளேடால ஒரு சீலைச் சுரண்டிண்டிருந்தான்.

"அது அவர் பேருப்பா"ன்னேன்.

"பேர் இருந்தா வெள்ளைக்காரன் வாங்க மாட்டான் மாமி. சுரண்டினா போயிடும்"னு சிரிச்சான்.

ஆடி மாசம் எங்காத்து வாசல்ல வந்து நின்னான். நெத்தியில பிளாஸ்திரி. சட்டையில அங்கங்கே ரத்தம் கசிஞ்சிருந்தது.

"காலைல எழுந்தா நெத்தியில ஐயா பேரு மாமி, ஊதா மையில. அதைச் சுரண்டிட்டேன். உள்ளே இன்னொண்ணு இருக்கணுமே, ஐயா எங்க குத்துவாரு?"

"புஸ்தகத்துக்குப் புஸ்தகம் இடத்தை மாத்துவார்"னேன்.

அவர் ஷேவ் பண்ணிக்க வாங்கின பிளேடு பாக்கெட் ஒண்ணு பிரிக்காமலே அலமாரியில இருந்தது. கொண்டுவந்து அவன் கையில வெச்சேன்.

"நிதானமாத் தேடுப்பா."