நடு நாற்காலி

"திருப்பி ஒரு வணக்கம் சொல்ல வாயா வலிக்குது?" அருங்காட்சியகக் காப்பாட்சியருக்குக் காலையிலிருந்தே எரிச்சல். குரூப் போட்டோவுக்கும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பழைய பௌத்தச் சிற்பத்தின் முன்னால் போட்டிருந்த நடு நாற்காலியில் தானாகவே போய் உட்கார்ந்தார்.

"சிற்பத்துல எல்லாரும் வெறும் ஆசனத்தைக் கும்பிடறாங்களே?" என்றார் போட்டோகிராபர்.

உதவியாளப் பெண் முந்திக்கொண்டாள். "அந்தக் காலத்துல புத்தரைச் செதுக்க மாட்டாங்க. வெறும் ஆசனமும் பாதமும் இருந்தா, அவர் அங்க இருக்கார்னு அர்த்தம். எங்க சார் சொல்லிக்கொடுத்தது."

காப்பாட்சியருக்கு உச்சி குளிர்ந்தது.

"சரி, நடு நாற்காலி காலியா இருக்கே, எடுத்துடலாமா?"

"இருக்கட்டும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காப்பாட்சியரின் பழைய செருப்பைக் கொண்டுவந்து நாற்காலியடியில் வைத்தாள். எல்லோரும் அதைப் பார்த்துக் கைகூப்பினார்கள்.

செருப்பை மாட்டிக்கொள்ளக் குனிந்தார் காப்பாட்சியர்.

கால்களைக் காணோம்.