தப்பாகத் தைத்த சட்டை

தையல்கூடத்தில் மிஷின்கள் எல்லாம் ஒரேயடியாக ஓய்ந்து நிற்கின்றன. நடுவரிசையில், அவள் தினமும் உட்காரும் ஸ்டூலை நொறுக்கிக்கொண்டு மின்விசிறி விழுந்து கிடக்கிறது. காரைத்தூசி ஜன்னல் வெயிலில் மெல்ல இறங்குகிறது. அவளோ ஜன்னலோரம், மடியில் சட்டையோடு, அடித்து வைத்தாற்போல் உட்கார்ந்திருக்கிறாள். சட்டையின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள் என்று, பத்து நிமிஷத்துக்கு முன்புதான் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் அவள் மானத்தை வாங்கி, "போ, அங்க உக்காந்து பிரி!" என்று இங்கே விரட்டினார். "கடவுள் உன்னக் கைவிடலடி," என்று பக்கத்து மிஷின்காரி அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அவளுக்கு அழுகை வரவில்லை. காலையில் கழற்றிப்போட்ட அவள் செருப்பு இரண்டும் மிஷினுக்கடியில் ஜோடியாக இருக்கின்றன. அவற்றுக்கு மேலே, தூசிக்குள், தன் முதுகு இன்னும் குனிந்து தைத்துக்கொண்டிருப்பதுபோல் தெரிகிறது. கண்ணை எடுக்க முடியவில்லை. விரல்கள் மட்டும் பழக்கத்தில் சின்னக் கத்தரியால் அடுத்த தையலைத் தேடுகின்றன. மாஸ்டர் வந்து எதிரே நிற்கிறார், முகத்தில் ஈயாடவில்லை. கையைச் சட்டையின் மேல் வைக்கிறார்.

"அதப் பிரிக்காதம்மா. அப்படியே இருக்கட்டும்."