கையுறையில் வந்த வலி

கையுறையை மாட்டிக்கொண்டு ஜெபராணி யாரைத் தொட்டாலும், அவர்களுடைய வலி அவள் உடம்பில் அதே இடத்தில் எழும். இப்போதெல்லாம் பிசியோதெரபிஸ்டுகளுக்கு வேலையே அதுதான். காலையிலிருந்து ஒரு பஸ் டிரைவரின் இடுப்பு வலியையும், கொத்தனாரின் தோள் வலியையும், டீச்சரின் குதிகால் வலியையும் அனுபவித்து அவள் ஓய்ந்துபோயிருந்தாள். இன்னொருவர் வந்தால் தாங்காது என்று நினைத்தபோதுதான் கபடி வீராங்கனை இசைவாணி உள்ளே வந்தாள். மறுநாள் மாநில அணிக்கான தேர்வு. விளையாடலாம் என்று ஜெபராணி சொன்னால்தான் களத்தில் இறங்க முடியும்.

"வலியே இல்லக்கா. போன தடவ மாதிரி இல்ல, சுத்தமா சரியாயிட்டு," என்று சிரித்தபடி கட்டிலில் காலை நீட்டினாள் இசைவாணி.

ஜெபராணி அவள் முழங்காலில் கை வைத்து மெல்ல மடக்கினாள். மடக்கியதுதான் தாமதம், தன் காலுக்குள் எதுவோ கிழிவதுபோல் இருந்தது. வாய்விட்டு அலறி, கையை உதறி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

இசைவாணியின் சிரிப்பு நின்றுபோனது. பல்லைக் கடித்தே பழகியவள் அவள். தன் வலி இன்னொருத்தியின் முகத்தில் இப்படித் தெரியும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"இவ்வளவா வலிக்குக்கா?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"நான் கைய எடுத்துட்டேன், எனக்கு நின்னுட்டு. ஒனக்கு?"

இசைவாணி காலை மெல்லக் கீழே இறக்கினாள். பிறகு கோச்சுக்குப் போன் போட்டாள்.

"சார், நாளைக்கு நான் வரல. கால் வலிக்கு."

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.