லேக் கார்டன்ஸில் எக்காளம்

பகல் தூக்கத்திலிருந்து ஹெப்சிபா கண் விழிக்கும்போது அறை முழுவதும் மங்கிய மஞ்சள் வெளிச்சம் மிதக்கிறது. எங்கோ எக்காளம் தொனிக்கிறது. அடுத்த வீட்டிலும், தெருக்கோடியிலும், ஏரிக்கு அந்தப் பக்கமும் தொனிக்கிறது. நாற்காலியில் கணவன் ஆசீரின் சட்டை கிடக்கிறது. திறந்த வேதாகமத்தின் மேல் அவன் கண்ணாடி. செருப்பும் வாசலிலேயே இருக்கிறது. ஆளைத்தான் காணோம். தூத்துக்குடியில் சிறுமியாக இருந்தபோது அவள் பயந்தது இதற்குத்தான். எக்காளம் தொனிக்க ஆண்டவர் வந்துவிட்டார், ஆயத்தமாக இருந்தவனைப் பரலோகத்துக்கு எடுத்துக்கொண்டார். நேற்றிலிருந்து புருஷனோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் கைவிடப்பட்டாள். ஜன்னல் திரை மெல்ல மேலே எழும்புகிறது, அதுவும் போய்விடும்போல. “ஏங்க, இருக்கீங்களா?” குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஆசீரின் குரல் வருகிறது. “சோப்போட நிக்கேன். தண்ணி நின்னுட்டு.” “கூப்பிட வேண்டியதுதான?” “நீதான் பேசமாட்டேங்கியே.” வெளியே பெங்காலி வீடுகளில் அந்தி விளக்கேற்றிய பெண்கள் சங்கு ஊதி முடிக்கிறார்கள். ஹெப்சிபா சமையலறைக் குடத்தைத் தூக்கி வருகிறாள். கதவிடுக்கில் நுரை வழியும் கை நீள்கிறது. குடத்தைக் கொடுக்காமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.